பூட்டை மாற்றும் புற்றுநோய்!

நாமகிரிப்பேட்டை மண்டியில் மஞ்சளை ஒடித்துப் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். வெளிப்பளபளப்பை நம்ப மாட்டார்கள். ரத்தப் புற்றுநோயிலும் அதே கதைதான்!

சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்கு 2001-ல் வந்தது இமாட்டினிப் மாத்திரை. தினமும் விழுங்கினால் பலருக்கு வருஷக்கணக்கில் ஆயுள். இதன் காப்புரிமை விண்ணப்பத்தை 2006-ல் சென்னை அலுவலகம் நிராகரித்தது; 2013-ல் சுப்ரீம் கோர்ட்டும் கைவிரித்தது. மலிவு மாத்திரை பிழைத்தது.

ஆனால் நோய் லேசுப்பட்டதா? மாத்திரை சாவி என்றால், அது பூட்டையே மாற்றிவிடும்! மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் 'டி315ஐ'. இமாட்டினிப் பலிக்காது; டசாட்டினிப், நிலோட்டினிப்பும் அம்பேல். பொனாட்டினிப் கேட்கும். எந்த எழுத்து மாறியது என்று ரத்தத்தைப் படித்துச் சொல்கிறது லேப்.

மருந்து கேட்கவில்லையா? 'ஒழுங்கா போட்டீங்களா?' என்பார் டாக்டர். நிஜத்தைச் சொல்லுங்கள். அடுத்து, சோதனை. 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று மாத்திரைக்கு லீவு விடாதீங்க, பிரதர்... நோய் லீவு எடுக்காது!