ஏத்தம் ஈஸி, இறக்கம்தான் மேட்டர்: வால்பாறைக்கு ஒரு சோலோ ரைடு

மலைக்குத் தனியா பைக்ல போறேன்னு சொன்னா எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "150 சிசி வண்டி இழுக்குமா?" போன மாசம் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அப்படித்தான் போயிட்டு வந்தேன். இழுக்கும், தாராளமா இழுக்கும். ஆனா நான் பேச வந்தது அது இல்ல. ஏறின வண்டி ஒழுங்கா இறங்கணுமே, அதைப் பத்தி.

முதல்ல ரோடு. மொத்தம் சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு வரைக்கும் தென்னந்தோப்பு, சமவெளி. செக்போஸ்ட் தாண்டினதும் மலை ஆரம்பிச்சிடும். 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை. ஒன்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ பாயின்ட். அங்க நின்னா கீழே ஆழியாறு அணை தெரியும், அதிர்ஷ்டம் இருந்தா பாறை ஓரத்துல வரையாடும் தெரியும். நம்ம மாநில விலங்குங்க அது. பிஸ்கட் நீட்டாதீங்க, ப்ளீஸ்.

இப்போ இறக்கம். பிரேக் பிடிக்கும்போது வண்டியோட வேகம் எங்கேயும் மறைஞ்சு போறதில்ல, அது சூடா மாறுது. ஒரு சின்னக் கணக்கு போடலாம். வண்டி, நான், பை எல்லாம் சேர்த்து 220 கிலோ. 800 மீட்டர் உயரம் இறங்குறேன்னு வைங்க. அந்த ஆற்றலை அப்படியே சூடாக்கினா அஞ்சு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கலாம். கொஞ்சம் காத்து எடுத்துக்கும். மிச்சத்தை யார் வாங்கணும்? உள்ளங்கை அளவு டிஸ்க்கா, இன்ஜினா? அதை முடிவு பண்றது நீங்க போட்டிருக்கிற கியர்.

கியர்ல இருந்து ஆக்சிலரேட்டரை விட்டா, சக்கரம்தான் இன்ஜினைச் சுத்த வைக்கணும். அந்தப் பாரம் வண்டியைப் பிடிச்சு இழுக்கும். இதுதான் இன்ஜின் பிரேக்கிங். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்கன்னு பழைய டிரைவர்கள் சொல்றது இதுக்குத்தான். இரண்டு, மூணுன்னு மாத்திக்கிட்டே வந்தேன், பிரேக்கை வளைவுக்கு முன்னாடி மட்டும் தொட்டேன்.

பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டிக்கிட்டு வர்றவங்க இன்னும் இருக்காங்க. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில அந்தக் கணக்கே தப்பு. கியர்ல இருந்து ஆக்சிலரேட்டரை மூடினா, ஆர்பிஎம் இறங்குற வரைக்கும் பெட்ரோலையே நிறுத்திடும். நியூட்ரல்லதான் ஐடிலிங்குக்காகக் குடிச்சுக்கிட்டு இருக்கும்.

அட்டகட்டிக்குக் கீழே ஒரு வளைவு ஓரமா ஸ்கூட்டரோட ஒரு பையனும் பொண்ணும் நின்னுக்கிட்டு இருந்தாங்க. பனி வேற இறங்கிக்கிட்டு இருந்தது. "அண்ணா, பிரேக் புடிக்கவே மாட்டேங்குது"ன்னான் பையன். லீவரை அமுக்கிப் பார்த்தேன், கைப்பிடியில போய் ஒட்டுது. கருகின வாடை. பக்கத்துலயே பள்ளம்.

ஸ்கூட்டர்ல நாம குறைக்கிறதுக்கு கியர் கிடையாது. ரொம்ப மெதுவா வந்தா ஆட்டோமேட்டிக் கிளட்ச் விட்டுடும், அப்போ இன்ஜின் பிரேக்கிங் சுத்தமா போயிடும். அதனால மேல இருந்து பிரேக்கை விடாம பிடிச்சே வந்திருக்காங்க. டிஸ்க் பிரேக்கா இருந்தா ஆயில் கொதிச்சு உள்ளே ஆவியாயிடும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதான் லீவர் காத்து மாதிரி போகுது. டிரம்மா இருந்தா சூட்டுல விரிஞ்சு, லைனிங் பிடிப்பையும் இழந்துடும்.

பையன் பாட்டில் தண்ணியை ஊத்தப் போனான், தடுத்துட்டேன். கொதிக்கிற உலோகத்துல குளிர்ந்த தண்ணி பட்டா கோணிக்கலாம், விரிசலும் விடலாம். அரை மணி நேரத்துக்கு மேல உட்கார்ந்து பேசிக்கிட்டு இருந்தோம். லீவர் திரும்ப இறுகிடுச்சு. அதுக்கப்புறம் அவங்க முன்னாடி, நான் பின்னாடி. ரெண்டு மூணு வளைவுக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்தித்தான் செக்போஸ்ட் வந்து சேர்ந்தோம்.

கூட்டமா போனா பின்னாடி வர்றவன் "என்னடா, பிரேக் லைட் அணையவே இல்ல"ன்னு கத்துவான். தனியா போனா அதை நாமதான் கவனிக்கணும். பத்து வளைவுக்கு ஒருமுறை அகலமான இடமா பார்த்து நிறுத்துங்க. லீவர் முன்ன மாதிரி இறுக்கமா இருக்கா, வாடை வருதான்னு பாருங்க. டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீங்க, தோல் ஒட்டிக்கும்.

குறுகலான மலை ரோட்டுல ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, இது சட்டத்துலயே இருக்கு. கவர்ன்மென்ட் பஸ் திரும்புறதுக்கு வளைவு மொத்தமும் வேணும். ஹாரன் கேட்டா வளைவுக்கு முன்னாடியே ஓரம் கட்டிடுங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி மெக்கானிக்கிட்ட பிரேக் ஆயிலைக் காட்டுங்க. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், ஈரம் சேரச் சேர சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா, நிறம் நல்லா இருந்தாலும் மாத்திடச் சொல்லுங்க.