எம்.எஸ். நோயாளரின் சோர்வும் உடற்பயிற்சியும்

வேளாங்கண்ணிப் பெருவிழா ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்குகிறது. விழா நெருங்கும்போது, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) உள்ளவர்களின் குடும்பத்தார் எங்களிடம் கேட்பது ஒன்றே: "நேர்த்திக்கடனுக்கு நடக்கலாமா? களைத்தால் நோய் முற்றிவிடுமா?"

இந்நோயில் மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்குகிறது. உறை சிதைந்த நரம்பில் செய்தி தடைபட்டுச் செல்வதால், சிறு வேலைக்கும் மிகுந்த முயற்சி தேவைப்படுகிறது. எனவே இச்சோர்வு சோம்பல் அன்று. நன்கு உறங்கி எழுந்த பின்பும் வரக்கூடும்.

உழைப்புக்குப் பின் சிலருக்குப் பார்வை மங்கி, ஓய்வில் தெளிவதை 1890இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் விவரித்தார். உடல்வெப்பம் உயர்வதே இதற்குக் காரணம். உடல் குளிர்ந்ததும் இது நீங்கும். புதிய நரம்புச் சேதம் ஏற்படுவதில்லை. ஆயினும் இவ்வச்சத்தால் நெடுங்காலம் நோயாளர்களுக்கு ஓய்வே அறிவுறுத்தப்பட்டது. ஓய்வு மிகுந்தால் தசை மெலிகிறது, சோர்வும் கூடுகிறது.

1996இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் வாரம் மூன்று முறை, 15 வாரங்கள் பயிற்சி செய்தோரின் உடல்திறனும் வாழ்க்கைத்தரமும் மேம்பட்டன. இன்று லேசான, மிதமான பாதிப்புள்ளோருக்கு வாரம் இருமுறை 30 நிமிட நடை போன்ற பயிற்சியும், இருமுறை தசை வலுவூட்டும் பயிற்சியும் இலக்காகக் கூறப்படுகின்றன. ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுக. நாற்காலியில் அமர்ந்து எழுவதும் பயிற்சியே. தள்ளாட்டம் உள்ளவர்கள் இயன்முறை மருத்துவரின் துணையுடன் தொடங்குக.

நம் பகுதியின் வெயிலில் விடியற்காலையே நடைக்கு உகந்தது. குளிர்ந்த நீர் பருகுதலும் கழுத்தில் ஈரத்துண்டு இடுதலும் உதவும். நீண்ட பாதயாத்திரையையும், நண்பகல் மணலில் முழந்தாளிட்டுச் செல்வதையும் தவிர்க்க வேண்டுகிறோம். வண்டியில் வந்து, விடியலில் ஆலயத்தைச் சுற்றிச் சிறிது தூரம் நடப்பது பலருக்கு இயலும்.

புதிய தளர்ச்சியோ பார்வைக் குறைவோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், காய்ச்சல் இருந்தாலும் உடனே மருத்துவரை அணுகுக. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, உறக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் சோர்வு தரும். அவை சிகிச்சைக்கு உரியவை.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: எல்லா வேலையையும் நீங்களே செய்துவிடாதீர்கள்; "எழுந்து நட" என்று கடிந்தும் கூறாதீர்கள். உடன் நடங்கள், அவர் நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள்.