சொன்ன இடத்தில் சக்கரம்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், காலை வேளையில் சாந்தோம் பக்கம் நின்றால் விமானங்கள் கடலிலிருந்து ஊருக்குள் வருவதைப் பார்க்கலாம். அடையாறு முகத்துவாரம், சைதாப்பேட்டை, கிண்டி என்று தாழ்ந்துகொண்டே போய் மீனம்பாக்கத்தில் இறங்கும். முகத்துவாரத்துக்கு மேலே அவற்றின் உயரம் ஏறக்குறைய 1,700 அடி. ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோ அலைகள் வழிகாட்ட, மூன்று டிகிரிச் சரிவில் இறங்கும் பெரிய விமானங்கள் அவை.

இரண்டு இருக்கை செஸ்னா 152-ல் பறக்கக் கற்றுக்கொள்ளும் மாணவருக்குப் பெரும்பாலும் கண்ணும் கையும்தான் துணை. அவர் படிக்கும் பாடங்களில் மிகக் கடினமான ஒன்று ‘ஸ்பாட் லேண்டிங்’. ஓடுபாதையில் ஓர் இடத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அங்கேயே சக்கரத்தை வைக்க வேண்டும்.

மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 3.6 கிலோமீட்டர் நீளம். செஸ்னா 152 தரையைத் தொட்டபின் 150 மீட்டருக்குள் நின்றுவிடக் கூடியது. இவ்வளவு இடம் இருக்கும்போது முன்னே பின்னே தொட்டால் என்ன? என்ஜின் நின்றுபோகும் நாளில் இதற்கு விடை கிடைக்கும். அப்போது கீழே இருப்பது வறண்ட ஏரியாகவோ அறுவடை முடிந்த வயலாகவோ இருக்கும். ஒரு வரப்பைத் தாண்டித் தொட வேண்டும், அடுத்த வரப்புக்குள் நிற்க வேண்டும். மறுபடி சுற்றி வர என்ஜின் இருக்காது.

கண்ணாடியில் ஒரு புள்ளி

மாணவரும் பயிற்றுநரும் ஓடுபாதைக்கு இணையாக, எதிர்த்திசையில், 1,000 அடி உயரத்தில் பறக்கிறார்கள். தொட வேண்டிய இடம் தோளுக்கு நேராக வந்ததும், என்ஜின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை முழுவதும் இழுத்துவிடுகிறார் பயிற்றுநர். இனி கையிருப்பு உயரமும் வேகமும் மட்டுமே. சீக்கிரம் திரும்பினால் உயரம் மிஞ்சும். தாமதித்தால் ஓடுபாதைக்கு முன்பே தரை வந்துவிடும். எவ்வளவு தூரத்தில் திரும்புவது என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. கோடையில் சென்னையில் காலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று, கடற்காற்று உள்ளே நுழைந்ததும் கிழக்குக்கு மாறிவிடும். காலையில் சரியாக வந்த கணக்கு மதியம் தப்பும்.

கடைசித் திருப்பம் முடிந்து ஓடுபாதை நேரே தெரியும்போது, முன்கண்ணாடியில் இலக்குப் புள்ளியைக் கவனிக்க வேண்டும். அது மேலே ஏறினால் விமானம் அந்த இடத்தை எட்டாது. கீழே நழுவினால் தாண்டிப் போய்விடும். அசையாமல் நின்றால் பாதை சரி. உயரம் மிஞ்சினால் இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை இறக்கலாம். அல்லது இறக்கையை ஒரு பக்கம் சாய்த்து, எதிர்ப்பக்க ரடர் பெடலை மிதித்து, விமானத்தைப் பக்கவாட்டில் சறுக்கவிடலாம். இதுதான் ‘சைடு ஸ்லிப்’.

மூக்கை அழுத்திப் புள்ளியை நோக்கிப் பாயக் கூடாது. 60 நாட் வேகத்தில் வர வேண்டியவர் 66 நாட்டில் வந்தால் வேகம் பத்து சதவீதம்தான் கூடுதல். ஆற்றலோ 21 சதவீதம் கூடிவிடும். அது தீரும் வரை விமானம் தரைக்குச் சற்று மேலே மிதந்துகொண்டே போகும். அளவான வேகத்திலும் கொஞ்சம் மிதக்கத்தான் செய்யும். அதனால்தான் தொட வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் இலக்கு வைக்கிறார்கள். உலகத் துல்லியப் பறத்தல் போட்டிகளில் இரண்டு மீட்டர் அகலப் பட்டைக்குள் தொட்டால்தான் அபராதப் புள்ளி இல்லை. எட்டாமல் முன்பே தொடுவதற்குத் தாண்டித் தொடுவதைவிட அபராதம் அதிகம்.

இந்தப் பாடம் சிறிய விமானத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரண்டு என்ஜின்களையும் இழந்தது. கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தை நெருங்கியபோது உயரம் மிஞ்சியது. அவ்வளவு பெரிய விமானத்தைச் சைடு ஸ்லிப் செய்து இறக்கினார். உயிர்ச்சேதம் இல்லை.

நம் ஊர் மரபு

பறத்தலோடு சென்னைக்கும் பழைய உறவு உண்டு. மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் சுதந்திரத்துக்கு முன்பே தோன்றியது. விலங்குநல அமைப்பான புளூ கிராஸை நிறுவிய கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானிகள். சர்தார் படேலைச் சமஸ்தானங்களுக்கு ஏற்றிச் சென்ற தம்பதி அவர்கள். விமானப்படைக்குப் பறத்தல் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் இருக்கிறது. அடையாறு பக்கம் ஐ.ஐ.டி.யும் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யும் விமானப் பொறியியல் கற்பிக்கின்றன.

இல்லாதது, திரும்பத் திரும்ப இறங்கிப் பழக ஓர் ஓடுபாதை. ஒரு மாணவர் ஒரு மணி நேரத்தில் எட்டுப் பத்து முறை இறங்கி ஏறினால்தான் கை படியும். பயணிகள் விமானங்கள் வரிசைகட்டும் மீனம்பாக்கத்தில் அதற்கு இடம் கேட்பது நியாயமில்லை. ஆனால் உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று இரண்டாம் உலகப்போர் கால ஓடுபாதைகள் தமிழ்நாட்டில் உண்டு. சீரமைக்கக் கூடியவற்றில் ஒன்றையாவது பயிற்சிக்கென்றே ஒதுக்க வேண்டும்.

அங்கே மாணவர்கள் கற்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. கணக்கு தப்பியது என்று தெரிந்த நொடியில் த்ராட்டிலை முழுதும் தள்ளி, மேலே ஏறி, மறுபடி சுற்றி வருவது. அதில் வெட்கம் எதுவும் இல்லை. தவறான இறக்கத்தை நேரத்தோடு கைவிடத் தெரிந்தவரை நம்பித்தான் நாளை நூற்றைம்பது பேர் பின்னால் உட்காரப் போகிறார்கள். அந்த முடிவை எடுக்கப் பழகும் இடம் சிறிய விமானம்தான்.