தாளிலே மறைந்த விரலடையாளம்

கண்ணாடியிற் பதிந்த விரலடையாளத்தை மென்பொடி தூவித் தூரிகையால் நீவிக் கண்டுகொள்ளலாம். தாள், அட்டை, மெருகிடாத மரம் ஆகியவற்றில் அம்முறை பெரிதும் பயன்படுவதில்லை. நுண்டுளைகள் நிறைந்த இப்பொருள்கள் வியர்வையை விரைவில் உள்ளிழுத்து விடுகின்றன. பொடி பற்றுதற்கு மேற்பரப்பில் ஈரம் எஞ்சுவதில்லை. கள்ளக் காசோலையிலோ மிரட்டற் கடிதத்திலோ உள்ளொடுங்கிய அடையாளத்தை வெளிக்கொணர்வது இரசாயனத்தின் வேலையாகும்.

விரல் நுனியில் வியர்வைச் சுரப்பிகள் உள; நெய்ச் சுரப்பிகள் இல்லை. எனினும் முகத்தையும் தலைமயிரையும் தொடுவதால் விரலிற் கொழுப்பும் ஏறுகின்றது. வியர்வையின் நீர் உலர்ந்தபின் உப்பு, அமினோவமிலங்கள், யூரியா என்பன தாளில் எஞ்சும். இவற்றுள் எதனை நாடுகின்றோம் என்பதைப் பொறுத்தே முறைகள் வேறுபடுகின்றன. அயடீன் ஆவி கொழுப்பிற் படிந்து கபில நிறங் காட்டும். சிறிது நேரத்தில் அந்நிறம் மறைந்துவிடும்.

வெள்ளி நைத்திரேற்று உப்பிலுள்ள குளோரைட்டுடன் சேர்ந்து வெள்ளிக் குளோரைட்டாகி, ஒளிபட்டதும் கருமையடையும். 1932 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் விமானி சாள்ஸ் லின்ட்பேர்க்கின் குழந்தை கவர்ந்து செல்லப்பட்டது. ஆங்கு விடப்பட்டிருந்த மர ஏணியை எரஸ்டஸ் மீட் ஹட்சன் என்னும் மருத்துவர் இக்கரைசல் கொண்டு சோதித்து, நூற்றுக்கணக்கான அடையாளங்களை வெளிப்படுத்தினார். குற்றஞ் சாட்டப்பட்ட ஹவுப்மனின் அடையாளம் அவற்றுள் ஒன்றேனும் இல்லை. 1935 இல் நடந்த விசாரணையில் எதிரிதரப்பினர் இதனை எடுத்துக் காட்டியும் பயனில்லை. 1936 இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அடையாளம் இருப்பின் தொட்டமை உறுதி. இல்லாமையால் தொடவில்லை என்பது பெறப்படாது. உலர்ந்த கையும் கையுறையும் சுவடு விடாமற் போகலாம். அன்றியும், அவ்வேணி சோதனைக்கு முன் பலர் கையிற்பட்டிருந்தது. குளோரைட்டோ ஈரக்காற்றிற் பரவி உருக்குலையும் இயல்பினது.

அமினோவமிலங்கள் அவ்வாறல்ல. அவை தாளின் செலுலோசைப் பற்றிக்கொண்டு இடம்பெயராது பல்லாண்டு கிடக்கும். 1910 இல் கேம்பிறிட்ஜில் சீக்பிறீட் றூகமன் என்னும் ஜேர்மானியர் ஆக்கிய ஒரு பொருளே பின்னர் நின்ஐதரின் எனப் பெயர் பெற்றது. அதன் மூலக்கூறுகள் இரண்டு, அமினோவமிலத்திலிருந்து ஒரு நைதரசன் அணுவைப் பெற்று இணையுமிடத்து ஊதா நிறம் பிறக்கின்றது; அந்நிறம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. 1944 இல் தாள்வழி நிறப்பிரிகை முறை தோன்றியபின், ஆய்வாளர் கைபட்ட தாள்களிலெல்லாம் ஊதாச் சுவடுகள் தோன்றி அவர்க்கு இடைஞ்சல் விளைத்தன. அவ்விடைஞ்சலே கருவியாகலாம் எனச் சுவீடன் நாட்டு ஒடேன், பொன் ஹொப்ஸ்டன் என்போர் 1954 இல் எடுத்துரைத்தனர். கண்டுபிடிப்புக்கும் இப்பயனுக்கும் இடையே நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தமை வியப்பே.

தாளைக் கரைசலில் தோய்த்து உலர்த்திப் பின் வெப்பமும் ஈரமுஞ் சேர்ந்த பெட்டியில் வைப்பர். ஈரம் குறைந்தால் நிறம் மந்தமாகும். அசற்றோன் கரைசல் மையைக் கலைத்து எழுத்தைக் கெடுத்தமையால், 1970 களில் குளோரோபுளோரோகாபன் கரைப்பான் வழக்கிற்கு வந்தது. ஓசோன் படையைச் சிதைப்பதென்று 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை அதனைக் கட்டுப்படுத்தவே, வேறு கரைப்பான்கள் தேடப்பட்டன.

1990 இல் அறிமுகமான டயசாபுளோரினோன், பச்சை ஒளியில் ஒளிரும் அடையாளந் தந்து, நின்ஐதரின் காட்டாதவற்றையும் காட்டும். ஆனால் வரிசை தவறலாகாது: முதலில் டயசாபுளோரினோன், அடுத்து நின்ஐதரின். தாள் நனைந்திருப்பின் அமினோவமிலங்கள் கரைந்து போயிருக்கும். அப்போது நீரிற் கரையாத கொழுப்பை நாடி, அதன்மேல் வெள்ளித் துணிக்கைகளைப் படியச் செய்யும் கரைசலொன்றே துணை. அது தாளை நன்கு நனைத்து ஏனைய முறைகளுக்கு இடமில்லாது செய்துவிடுமாதலின், எப்பொழுதும் இறுதியிலேயே கையாளப்படும்.