கேட்டதும் நடந்ததும்



தேர்தல் ஒரு நாள் வேலை. காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்று, விரலில் மை பூசிக்கொண்டு வீடு திரும்பினால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் மக்களை இரண்டாகப் பிரித்துப் போடும் தேர்தலின் விளைவுகள் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வீட்டு வாசலுக்கு வருகின்றன. 2019ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் அப்படிப்பட்டது. அன்று மடியில் இருந்த பிள்ளைகள் இன்று கேள்வி கேட்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நாம் என்ன சொல்லப் போகிறோம்?

கேட்டதை எல்லாம் நடந்ததாகச் சொல்லிவிடக் கூடாது. நடந்ததை மறைத்துவிடவும் கூடாது. ஆகவே அந்த நாட்களை ஒருமுறை ஒழுங்காகத் திரும்பிப் பார்ப்போம்.

தேர்தலும் அதன் முடிவும்

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் 260க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அந்தப் பாதகத்தைச் செய்தோர் ஒரு சிலர். பழியைச் சுமந்ததோ முழுச் சமூகமும். மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. இந்தக் காயம் ஆறுமுன்னரே நவம்பர் 16இல் தேர்தல் வந்தது.

கோட்டாபய ராஜபக்ஷ 69 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளை, அதாவது 52.25 வீதத்தைப் பெற்றார். சஜித் பிரேமதாச பெற்றது 41.99 வீதம். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் தேர்தல் மாவட்டங்களும் நுவரெலியாவும் ஒரு பக்கம் நிற்க, ஏனைய 16 மாவட்டங்கள் மறுபக்கம் நின்றன. இலங்கை வரைபடத்தைப் பார்த்த எவருக்கும் பிளவு கண்ணில் பட்டது. புதிய ஜனாதிபதி அநுராதபுரத்தில் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்குகளாலேயே வெல்ல முடியும் என்று தாம் அறிந்திருந்ததாகக் கூறினார். தமிழ், முஸ்லிம் மக்களும் தம்முடன் இணைய வேண்டும் என்றும் கேட்டார். அடுத்து அமைந்த அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவர்கூட இருக்கவில்லை.

2016இலிருந்து சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடப்பட்டு வந்த தேசிய கீதம், 2020 பெப்ரவரி 4இல் சிங்களத்தில் மட்டும் ஒலித்தது. சட்டம் எதுவும் மாறவில்லை. ஆயினும் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு அது என்ன பாடத்தைக் கற்பித்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எழுத்தில் வந்த கொடுமை

2020 மார்ச் இறுதியில் கொரோனாவால் முதலாவது முஸ்லிம் சகோதரர் நீர்கொழும்பில் மௌத்தானார். அவரது ஜனாஸா தகனம் செய்யப்பட்டது. பாதுகாப்பாக அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தது. அதையும் மீறி ஏப்ரல் 11இல் தகனத்தைக் கட்டாயமாக்கும் வர்த்தமானி வெளியாயிற்று. நிலத்தடி நீரினால் நோய் பரவும் என்பதே சொல்லப்பட்ட காரணம். எதிர்த்துத் தாக்கல் செய்யப்பட்ட மனுக்களை உயர் நீதிமன்றம் டிசம்பர் 1இல் தள்ளுபடி செய்தது. சில நாட்களில் பிறந்து 20 நாட்களேயான ஒரு சிசுவும் பொரளையில் எரிக்கப்பட்டது.

எந்தத் தாயால் அதைத் தாங்க முடியும்? குளிப்பாட்டக் கை இருந்தும் குளிப்பாட்ட முடியவில்லை. கபன் துணி இருந்தும் உடுத்த முடியவில்லை.

சகோதரிகளே! அப்படி எரிக்கப்பட்டவர்களின் உறவினர்களான பெண்கள் இன்றும் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள்: “எங்கள் வாப்பாவுக்கு இதனால் ஆகிரத்தில் ஏதும் குறை வருமா?” ஒரு குறையும் வராது. தன் சக்திக்கு மேற்பட்ட எதற்கும் அல்லாஹ் எவரையும் பிடிப்பதில்லை. உயிர் பிரிந்த பின் பிறர் அவரது உடலுக்குச் செய்ததற்கு மையித்து பொறுப்பாளி அல்ல. கொள்ளைநோயில் மரணிப்பவர் ஷஹீதின் அந்தஸ்தைப் பெறுவார் என்பது நபி (ஸல்) அவர்கள் சொன்ன நற்செய்தி. சாம்பலாகிப் போனாலும் எழுப்ப வல்லவன் அவன். ஆகவே அந்தக் கவலையை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். அவர்களுக்காகத் துஆச் செய்யுங்கள், ஸதக்கா கொடுங்கள்.

பேச்சாகவே போனவை

அதே காலத்தில் வேறு பல செய்திகளும் நம்மை நடுங்க வைத்தன. 2021 மார்ச்சில் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர், முகத்திரையைத் தடை செய்யும் அமைச்சரவைப் பத்திரத்தில் தாம் ஒப்பமிட்டதாகவும் ஆயிரத்துக்கும் அதிகமான மத்ரஸாக்கள் மூடப்படும் என்றும் அறிவித்தார். அது ஒரு முன்மொழிவு மட்டுமே என்று சில நாட்களில் வெளிநாட்டமைச்சு விளக்கம் சொன்னது. அமைச்சரவை அங்கீகாரம் கிடைத்தும் அந்தத் தடை சட்டமாகவில்லை. 2021 ஒக்டோபரில் ஞானசார தேரரின் தலைமையில் ‘ஒரே நாடு ஒரே சட்டம்’ செயலணி நியமிக்கப்பட்டது. முதலில் அறிவிக்கப்பட்ட 13 பேரில் ஒரு பெண்கூட இல்லை. அதன் அறிக்கை 2022இல் கையளிக்கப்பட்டது; நாட்டுச் சட்டம் மாறவில்லை.

இவற்றைச் சாதாரணமானவை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேச்சுகளினால் பஸ்ஸில் ஏறவே அஞ்சிய சகோதரிகள் உண்டு. ஆனால் மேடைப் பேச்சு ஒன்று, அமைச்சரவைப் பத்திரம் இன்னொன்று, வர்த்தமானி வேறொன்று. பேச்சுக்கு அமைதியாகப் பதில் சொல்லலாம். பத்திரத்துக்கு எதிராக உரியவர்களிடம் முறையிடலாம். வர்த்தமானியாக வந்துவிட்டால் நீதிமன்றமும் மக்களின் ஒன்றுபட்ட குரலும் வேண்டும். எது எந்தப் படியில் இருக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் பதறுவோமானால், உண்மையான ஆபத்து வரும்போது நம்மிடம் தெம்பிருக்காது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்பித்திருப்பது இதற்காகவும்தான்.

நம்மவர்களையும் விசாரிப்போம். 2020 ஒக்டோபரில் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கும் 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியபோது, எதிர்க்கட்சி வரிசையில் இருந்த முஸ்லிம் உறுப்பினர்கள் பலரும் அதற்கு ஆதரவாகக் கையுயர்த்தினார்கள். ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த காலம் அது. வாக்குக் கேட்டு வருபவரிடம் இதைக் கேட்க ஆண்கள் மட்டும்தான் வேண்டுமா? நமது வாக்கும் ஒரு வாக்குத்தான்.

கூட நின்றவர்கள்

பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய பகுதி இனித்தான் வருகிறது. அந்தச் சிசு எரிக்கப்பட்ட பிறகு பொரளை மயானத்தின் கம்பி வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. கட்டியவர்களில் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் இருந்தார்கள். பாராளுமன்றத்தில் நமக்காக வாதாடியவர்களில் தமிழரும் சிங்களவரும் இருந்தார்கள். அடக்கத்துக்கு அனுமதியளிக்கும் வர்த்தமானி 2021 பெப்ரவரி இறுதியில் வெளியானது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகர் மண்ணில் நல்லடக்கங்கள் தொடங்கின. ஒரு வருட காலத்தில் அங்கு 3600க்கும் அதிகமானோர் அடக்கப்பட்டனர். அவர்களில் பௌத்தர், இந்துக்கள், கிறிஸ்தவர்களும் உள்ளனர். நமக்காகக் கேட்ட உரிமை மற்றவர்களுக்கும் பயன்பட்டது.

2022 ஏப்ரலில் காலிமுகத்திடல் போராட்டக்காரர்கள் நடுவே நோன்பு திறக்கப்பட்டபோது அருகில் சிங்களச் சகோதரர்களும் அமர்ந்திருந்தார்கள். ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார். 2024 ஜூலையில், கட்டாயத் தகனத்துக்காக முஸ்லிம்கள் உள்ளிட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது. சாம்பலை மன்னிப்பு உயிர்ப்பிக்காது. ஆனாலும் செய்தது பிழை என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது நாளைய பிள்ளைகளுக்கு ஒரு சாட்சி.

யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அவரும் ஓர் உயிர்தானே என்பதே அவர்கள் தந்த விளக்கம். நம் ஜனாஸாக்களுக்காக எழுந்து நின்ற மாற்று மத அயலவரை நாம் மறக்கலாமா? ஒரு கூட்டத்தார் மீதுள்ள கோபம் நீதியிலிருந்து நம்மைத் திருப்பிவிடக் கூடாது என்று ஸூரத்துல் மாயிதா எச்சரிக்கிறதல்லவா?

ஆகவே தாய்மார்களே, பிள்ளைகள் கேட்கும்போது அழுதுகொண்டே சொன்னாலும் முழுவதையும் சொல்லுங்கள். எரித்ததையும் சொல்லுங்கள், வெள்ளைத் துணி கட்டியதையும் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்குப் பெருநாள் வட்டிலப்பம் அனுப்புவதை மட்டும் எந்தத் தேர்தலுக்காகவும் நிறுத்திவிடாதீர்கள்.

வல்ல அல்லாஹ் மரணித்த நம்மவர்களின் கப்றுகளையும், கப்று கிடைக்காமல் போனவர்களையும் தன் ரஹ்மத்தால் சூழ்ந்துகொள்வானாக! ஆமீன்.