சோழன் மண்ணில் கங்கை மீன்!

ஜெயங்கொண்டத்தில் கடல் இல்லை. துறைமுகமும் இல்லை. அங்கே மீன் தொழில் நடத்த முடியுமா?

முடியும்! படகு வேண்டாம். புயலுக்குப் பயப்படவும் வேண்டாம். ஒரு குளமும், வற்றாத கிணறும், கணக்குப் பார்க்கும் பழக்கமும் இருந்தால் போதும்.

ஜெயங்கொண்டம், அரியலூர் மாவட்டத்து ஊர். பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திர சோழன், அந்த வெற்றியின் நினைவாகச் "சோழகங்கம்" என்ற பெரிய ஏரியை அமைத்தான். தண்ணீரால் ஆன வெற்றித் தூண் என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. இன்று அதன் பெயர் பொன்னேரி.

அன்று வந்தது கங்கை நீர். இன்று வளர்வது கங்கை மீன்!

மூன்று மாடி வீடு

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளின் மீன்கள். மூன்றையும் ஒரே குளத்தில் விடலாம். சண்டை வராது. கட்லா மேல் தண்ணீரில் மேயும். ரோகு நடுவில் மேயும். மிர்கால் அடியில் மேயும். ஒரே வீட்டில் மூன்று மாடியில் மூன்று குடும்பம் இருப்பது போல!

ஆனால் இவை குளத்துத் தண்ணீரில் தாமாகக் குஞ்சு பொரிப்பதில்லை. முன்பு ஆற்று வெள்ளத்தில் வலை கட்டித்தான் குஞ்சு பிடித்தார்கள். 1957-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி, ஒரிசாவில் ஹிராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி இதற்கு வழி கண்டார். மீனின் மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார். இன்று பண்ணைகளில் குஞ்சு விலைக்குக் கிடைப்பதற்கு அந்த ஊசிதான் காரணம். ஜூலை 10, இந்தியாவில் மீன் விவசாயிகள் தினம்.

குளத்தைத் தயார் செய்வது எப்படி?

குளத்தில் 5 அடி முதல் 6 அடி வரை தண்ணீர் நிற்க வேண்டும். முதலில் குளத்தைக் காயப் போட வேண்டும். பழைய விராலும் கெளுத்தியும் சேற்றில் ஒளிந்திருந்தால், விடுகிற குஞ்சுகளை விழுங்கிவிடும்!

ஏக்கருக்குச் சுமார் 100 கிலோ சுண்ணாம்பு போட்டு, பிறகு சாணம் இட வேண்டும். தண்ணீர் இளம்பச்சை நிறம் ஆகும். அந்தப் பச்சையில்தான் மீனுக்கு இயற்கை உணவு இருக்கிறது.

குஞ்சு விரல் நீளம் இருப்பது நல்லது. பையைப் பிரித்து உடனே கொட்டக் கூடாது. கால் மணி நேரம் பையோடு குளத்தில் மிதக்கவிட வேண்டும். இரண்டு தண்ணீரின் சூடும் சமமான பிறகே திறந்துவிட வேண்டும்.

கணக்கு இதுதான்

ஒரு ஏக்கர் குளத்தில் 2,000 குஞ்சு விடுவதாக வைத்துக்கொள்வோம். 500 சேதம் என்று தள்ளுங்கள். மிச்சம் 1,500. பத்து மாதத்தில் ஒவ்வொன்றும் ஒரு கிலோ ஆனால், 1,500 கிலோ மீன்.

செலவில் பெரும் பகுதி தீவனத்துக்குத்தான் போகும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவு கலந்து போடலாம். ஒரு கிலோ மீனுக்கு இரண்டு, மூன்று கிலோ தீவனம் பிடிக்கும். தீவன விலையையும், வியாபாரி தரும் மீன் விலையையும் விசாரித்த பிறகே முதல் போட வேண்டும்.

விடியற்காலை ஆபத்து!

குளத்தில் மீன் ஒரே இரவில் செத்து மிதப்பது உண்டு. விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டாரைச் சந்தேகிப்பார்கள். பல சமயம் காரணம் வேறு. வெயில் இல்லாத இரவில் பாசியும் மூச்சு விடும். தண்ணீரில் உள்ள பிராணவாயு குறைந்துபோகும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவித்தால் அதுவே எச்சரிக்கை. உடனே தீவனத்தை நிறுத்திவிட்டு, மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

ஏரியை ஏலம் எடுக்கலாமா?

சொந்தக் குளம் இல்லாதவர்கள் ஏரியில் மீன் பாசி ஏலம் எடுப்பது உண்டு. ஒன்றை மறக்கக் கூடாது. ஏரித் தண்ணீர் வயலுக்கு உரியது. மீனுக்காக மதகை மூடச் சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த ஏரி, கோடையில் வற்றிவிடும். அதற்குள் மீனைப் பிடித்துவிட வேண்டும்.

உதவி உண்டா?

உண்டு. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தில், பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்று வகுத்தார்கள். நிபந்தனைகள் மாறக்கூடும். இப்போது என்ன கிடைக்கும் என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்பதே சரி. கிசான் கடன் அட்டை மீன் வளர்ப்போருக்கும் உண்டு. ஜெயங்கொண்டம் பக்கம் சோழமாதேவியில் வேளாண் அறிவியல் மையமும் இருக்கிறது. அங்கும் யோசனை கேட்கலாம்.

மானியம் வரும் என்று நம்பி, கந்து வட்டிக்குக் கடன் வாங்கிக் குளம் வெட்ட வேண்டாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதை வளர்க்க நாட்டில் தடை இருக்கிறது.

முதல் ஆண்டு சின்னக் குளம் போதும். அதில் பாடம் படித்தவர்கள், அடுத்த ஆண்டு பெரிய குளத்தில் தைரியமாக இறங்கலாம்!