சாவி யாரிடம் இருக்கிறது?

2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் இயங்குதளத்துக்கான வழக்கமான மாதாந்திரப் பாதுகாப்பு மேம்படுத்தலை வெளியிட்டது. ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் சேர்த்து வைத்திருந்த பலருக்கு அதன் பின்னர் லினக்ஸ் திறக்கவில்லை. 'பாதுகாப்புக் கொள்கை மீறல்', 'ஏதோ பெருந்தவறு நேர்ந்துவிட்டது' என்று பொருள்படும் ஆங்கில வரிகளைக் காட்டிவிட்டுக் கணினி தானே அணைந்துபோயிற்று.

என்னிடம் ஆய்வு செய்த முன்னாள் மாணவர் ஒருவரின் மடிக்கணினிக்கும் இதுவே நேர்ந்தது. பழுது பார்க்கும் கடையில், ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்ய வேண்டும் என்றார்களாம். மூன்றாண்டுகள் திரட்டிய கள ஆய்வுத் தரவுகள் அதில் இருந்தன. கடைக்காரரைத் தடுத்து நிறுத்துங்கள் என்பதுதான் நான் தொலைபேசியில் சொன்ன முதல் வார்த்தை. ஏனெனில், அந்த அறிவிப்பு பழுதைக் குறிப்பதன்று. நம்ப மறுப்பதைக் குறிப்பது. கோப்புகள் அனைத்தும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன.

கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள். அடுத்து ஏற்றப்படும் மென்பொருளில் தனக்குத் தெரிந்த கையொப்பம் இருக்கிறதா என்று அது சரிபார்க்கிறது. இதற்குச் 'செக்யூர் பூட்' என்று பெயர். 2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது, அதன் முத்திரையோடு விற்கப்படும் கணினிகளில் இவ்வசதி இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதித்தது. ஆகவே, ஏறத்தாழ எல்லா உற்பத்தியாளர்களும் அந்நிறுவனத்தின் சாவியையே நிலைபொருளில் பதித்தனர். லினக்ஸ் வெளியீடுகளும் 'ஷிம்' என்னும் சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்டிடம் கையொப்பம் பெற்றே உள்ளே நுழைகின்றன. போட்டியாளரின் முத்திரையைப் பெற்றுச் சந்தைக்குள் வரும் இந்த ஏற்பாடு, பொருளியல் படித்தவனுக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கும்.

கையொப்பம் பெற்ற மென்பொருளில் பின்னர் ஓட்டை கண்டறியப்பட்டால் அதைத் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும். பட்டியலுக்கான இடமோ மிகக் குறைவு. பொதுவாக 32 கிலோபைட். 2020-இல் வெளியான 'பூட்ஹோல்' என்ற ஒரே ஓட்டைக்காகச் சேர்க்கப்பட்ட பதிவுகள் மட்டும் அதில் 10 கிலோபைட்டை விழுங்கின. பற்றாக்குறை எங்கும் புதிய ஏற்பாட்டைப் பிறப்பிக்கும். இங்குப் பிறந்தது 'எஸ்பாட்'. ஒவ்வொரு மென்பொருளையும் தனித்தனியே பட்டியலிடாமல், இன்ன தலைமுறை எண்ணுக்குக் கீழ்ப்பட்டவை எல்லாம் செல்லா என்று ஒரே வரியில் விலக்கும் முறை இது. 2024 ஆகஸ்டில் உயர்த்தப்பட்டது இந்த எண்தான். லினக்ஸ் உள்ள கணினிகளை மேம்படுத்தல் விட்டுவிடும் என்றே மைக்ரோசாஃப்ட் கூறியிருந்தது. ஆனால், அவற்றில் சிலவற்றை அது அடையாளம் காணவில்லை.

தீர்வு எளிது, வரிசைதான் முக்கியம். நிலைபொருள் அமைப்புக்குள் சென்று செக்யூர் பூட்டை அணைக்கும் முன்னர், விண்டோஸ் பகுதி பிட்லாக்கரால் பூட்டப்பட்டுள்ளதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்ள வேண்டும். செக்யூர் பூட் மாறியதும் விண்டோஸ் அச்சாவியைக் கேட்கக்கூடும். அது இல்லாதவருக்குச் சிறு தடங்கலாக இருந்தது உண்மையான இழப்பாகிவிடும். செக்யூர் பூட்டை அணைத்தபின் லினக்ஸுக்குள் நுழைந்து, 'மோக்யூட்டில்' என்ற கருவியால் எஸ்பாட் கொள்கையை நீக்கி, மறுபடி தொடங்கி ஒருமுறை லினக்ஸுக்குள் செல்ல வேண்டும். பின்னர் லினக்ஸ் வெளியீட்டைப் புதுப்பித்துவிட்டு, செக்யூர் பூட்டை மீண்டும் இயக்க வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்துவிடுகிறார்கள். இயங்குதளத்துக்கும் முன்பே புகுந்துகொள்ளும் தீநிரல்கள் கற்பனையல்ல. 2023-இல் வெளிச்சத்துக்கு வந்த 'பிளாக்லோட்டஸ்' அத்தகையது.

ஃபார்மட் செய்தாலும் பயன் இராது. லினக்ஸை நிறுவப் பழைய பென் டிரைவைச் செருகினால், அதுவும் அதே வரிகளைக் காட்டி அணைந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் இச்சிக்கலை முற்றாகத் தீர்த்தது 2025 மே மாத மேம்படுத்தலில்தான். ஒன்பது மாதங்கள்! முடிவெடுத்தவர் ஒருவர், அதன் செலவைச் சுமந்தவர் வேறொருவர். புறவிளைவு என்று நாங்கள் வகுப்பில் கற்பிப்பது இதைத்தான். ஓட்டையை அடைக்க முனைந்தது தவறன்று. 2022-லேயே அறியப்பட்ட ஓட்டையை லினக்ஸ் வெளியீட்டாளர்கள் சிலரும் காலத்தே அடைத்திருக்கவில்லை. ஆனாலும், பயனருக்குப் புரியும் ஒரு சொற்றொடரையாவது திரையில் காட்டியிருக்கலாம்.

இதைவிடப் பெரியதொரு மாற்றமும் உண்டு. 2011-இல் வழங்கப்பட்ட செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் தொடங்கி முடிகிறது. புதிய சான்றிதழ்களைப் பெறாத கணினிகள் உடனே நின்றுவிடா. ஆனால், தொடக்க நிலைக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் அவற்றுக்குக் கிடைக்கா. சில பழைய கணினிகளில் உற்பத்தியாளரின் நிலைபொருள் மேம்படுத்தலும் தேவைப்படும். என்றோ விற்றுத் தீர்ந்த மாதிரிக்கு அதை வெளியிட உற்பத்தியாளருக்கு என்ன ஆதாயம்? கல்லூரிகளும் அரசு அலுவலகங்களும் கணினி வாங்கும்போது, எத்தனை ஆண்டுகளுக்கு நிலைபொருள் மேம்படுத்தல் கிடைக்கும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாகச் சேர்க்கலாம். விலைக்கும் உத்தரவாதத்துக்கும் இப்போதே இடம் இருக்கும் படிவத்தில் இன்னும் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.